உருள் கொட்டகையின் பால்கனி

1959 ஜனவரி 9

பூண்டு மண்டிக்காரர் உருள் கொட்டகையை வாங்கிவிட்டாராம். பஜாருக்கே தெரிந்த பிறகு, மண்டிக்காரரின் பெண்டாட்டியான எனக்குத் தெரிகிறது. வழக்கம்தான்.

வெள்ளைக்காரர்கள் சக்கரம் வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வட்டம் சுற்றிய இடம் அது. அவர்கள் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. சிறுபிள்ளையில் அதன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே துரைசானிகள் காலை எடுத்து வைக்காமலே போவார்கள். கண்ணாடியில் என் மூச்சு படியும். துடைப்பேன், மறுபடி படியும். இவர்கள் நடக்கிறார்களா, மிதக்கிறார்களா என்றே தெரியாது.

மூட்டை அடுக்கத்தான் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். இல்லையாம்.

"நாடகக் கொட்டாய் கட்டப்போறேன்," என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "திரை, லைட்டு, மெத்தை நாற்காலி, எல்லாம் புது மாடலு. மதுரைக்காரனே மலையேறி வந்து பாக்கணும்."

"நான் எங்க ஒக்காந்து பாக்குறது?"

"மேல பேண்டு வாசிக்கிற பால்கனி இருக்குல்ல? அதுல கோஷாத் திரை போட்டுட்டாப் பொம்பளைக மறைவா ஒக்காந்து பாக்கலாம். மொத எடம் ஒனக்கு."

நான் இதுவரை ஒரு நாடகம் பார்த்ததில்லை. பழனியில் நடந்தால் இவர் போய்வந்து கதை சொல்வார். அதிலும் ராஜா காட்டுக்குப் போவதற்குள் தூங்கிவிடுவார். பாதி ராஜாக்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஜனவரி 27

இவர் தங்கை சர்புன்னிசாவோடு கொட்டகைக்குப் போனேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகைத் தரையில் பழைய மெழுகு இன்னும் மினுங்கிற்று. கம்பளிக் காலுறையோடு ஓடிவந்து ஒரு வழுக்கு வழுக்கினேன்.

"மதினி! விழுந்து கிழுந்து வைக்காதீங்க!"

விழவில்லை. நடுவில் நின்றபோது திறந்த கதவு வழியாக மேகம் உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் என் காலே எனக்குத் தெரியவில்லை. எங்கே நிற்கிறேன், எந்த வயதில் நிற்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அப்படியே இருந்திருக்கலாம்.

பிறகு பால்கனி ஏறி, "சர்புன்னிசா!" என்று கூப்பிட்டேன். நாலு மூலையிலிருந்தும் "நிசா, நிசா" என்று திரும்பி வந்தது. உள்ளே ஜின்னு இருக்கிறது என்று அவள் வெளியே ஓடிவிட்டாள்.

பிப்ரவரி 18

கனவில் பூண்டு மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்து நாடகம் பார்த்தன. கைகூடத் தட்டின.

மார்ச் 15

பால்கனியை இடிக்கப் போகிறார்கள்.

காண்டிராக்டர் தண்டாயுதபாணி சொன்னாராம். மதுரை ஆள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மஃப்ளர் சுற்றியிருப்பவர். கொட்டகைக்குள் எதிரொலி அதிகம். பால்கனிக்கு நேர் மேலே தகரக் கூரை. மழை பெய்தால் அங்கே ஒரு வார்த்தை கேட்காது. இடித்துவிட்டு லைட்டு வைக்கலாம் என்று. இவரும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"கேக்காத எடத்துல ஒக்காந்து என்ன செய்யப்போற?"

"அப்ப கீழ ஒக்காருறேன்."

"கீழயா? ஜமாத்துல என் மூஞ்சியில முழிப்பாங்களா?"

ஊருக்கெல்லாம் நாடகம். எனக்கு? மறுபடியும் அந்த ஜன்னல்தானா? அழுகை வருகிறது. கொடுக்கிறேன்னு ஏன் சொல்லணும், அப்புறம் ஏன் பிடுங்கணும்? நோன்பு வாயோடு சண்டை போட்டது தப்பு. ஆனால் போட்டேன்.

மார்ச் 16

பேசவில்லை.

மார்ச் 17

பேசவில்லை. நோன்புக் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு, "நல்லாருக்கு," என்றார்.

மார்ச் 21

சாவி கொடுக்க மண்டிக்குப் போனேன். சாக்கு அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றார். "இந்தாங்க," என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். ம்ஹூம்.

வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைச் சொல்வதில்லை. இவரும் என் பேரைச் சொன்னதில்லை. இவருக்கு நான் "இந்தா", "ஏய்", ஆள் முன்னால் என்றால் "வீட்ல". யாரும் படிக்காத இந்தக் குறிப்பில்கூட "இவர்" என்றுதான் எழுதுகிறேன். கை வரமாட்டேன் என்கிறது.

கோபத்தோடு திரும்பி நடந்தபோதுதான் உறைத்தது. என் சத்தத்தை இந்தச் சாக்குகள் விழுங்கிவிடுகின்றன! அப்படியானால் கொட்டகையின் எதிரொலியையும் விழுங்காதா? வைக்கோல் திணித்துத் தகரத்துக்கு அடியில் கட்டினால் மழைச் சத்தத்தையும்?

கோபத்தை மறந்து ஓடிப்போய்ச் சொன்னேன்.

"புது மாடல் கொட்டாயில பூண்டுச் சாக்கா?" என்றார்.

"அடியில வெள்ளத் துணி கட்டிட்டா யாருக்குத் தெரியும்?"

கணக்குப் பார்க்க வந்திருந்த தண்டாயுதபாணி மஃப்ளருக்குள் விரலை விட்டுச் சொறிந்தார். "கட்டித்தான் பாப்பமே. மழை நாளா ஒருநா சோதிச்சிட்டு, கேக்கலைன்னா இடிச்சிருவோம்."

ஏப்ரல் 17

பெருநாள் முடிந்து ஒரு வாரம். மத்தியானம் நல்ல மழை. சோதனைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் பால்கனியில் திரைக்குப் பின்னால், இவர் கீழே மேடையில்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

கேட்டது. "கத்துனா அடிவாரத்துலயே கேக்கும்ங்க," என்றார் காண்டிராக்டர். "மெல்லச் சொல்லுங்க. நாடகத்துல ரகசியம் பேசுற எடமெல்லாம் வரும்."

மண்டியில் நாளெல்லாம் பேசுகிற மனுஷனுக்கு மெல்லச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே மழை, பக்கத்து வீட்டில் அரிசி புடைப்பது மாதிரி.

"ஜாஹிதா," என்றார்.

எதிரொலி இல்லை. ஒரே ஒரு தடவை, நேராக என்னிடம் வந்தது.

"கேக்குதா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் வாயில் என் பேர் முதல் தடவை. திரையைப் பிடித்துக்கொண்டு அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"கேக்கலை போலருக்கு. இடிச்சிரலாம்," என்றார் காண்டிராக்டர்.

"ஐயோ, கேக்குது! கேக்குது!" கூரை அதிரக் கத்தினேன்.

ஏப்ரல் 25

பகல் காட்சி. முதல் நாடகம். முதல் இடம் எனக்கு.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பூண்டிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் சாக்கை அலசத் தோன்றவில்லை. எங்கள் மூக்குக்கு அது வாடையே இல்லை. கீழே லைட்டுச் சூடு, மேலே மழை ஈரம். அரை மணியில் கொட்டகை கமகமத்தது. சீசனுக்கு வந்த சீமாட்டிகள் கைக்குட்டையைத் தேடினார்கள். காதல் பேசிய ராஜகுமாரி தும்மினாள். பின்வரிசையில் கவுஞ்சி ஊர்ப் பூண்டு விவசாயிகள் வீட்டில் இருப்பதுபோல் சௌகரியமாக இருந்தார்கள்.

ராஜா காட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை நானே பார்த்தேன். யாரோ பக்கக் கதவைத் திறந்ததில் மேகம் மேடைக்கு வந்துவிட்டது. ராஜாவுக்குக் கால் இல்லை. துரைசானிகள் மாதிரியே மிதந்து போனார். அழுதேன். பூண்டால் அல்ல.

முடிந்து வெளியே வந்தால் வாசலெல்லாம் வெண்மை. கை நீட்டினால் கை தெரியவில்லை. இவரைக் காணோம்.

"இந்தாங்க!" என்றேன்.

மேகத்துக்குள்ளிருந்து நாலைந்து குரல். "என்னா?" "இந்தா வாரேன்." "ஏன், என்ன?" சர்புன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரில் அத்தனை புருஷனுக்கும் ஒரே பேர்தானே.

மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"அப்துல் சலாம்!"

சர்புன்னிசாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, கொஞ்ச தூரத்திலிருந்து, ஒரே ஒரு குரல் மெல்லச் சொன்னது:

"கேக்குது."