இறங்காத எண்

போபோடி, புனே
ஞாயிறு

ரமேஷ், அம்மா பவுன் எழுதுகிறேன். குவைத் வெயில் உன்னை வாட்டாமல் இருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் நெற்றியில் நாலு தையல் போட்ட வடு, உன் அப்பாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பதறாதே, முழுக்கப் படி.

அவருடைய மலக்குடல் கட்டிக்கு இருபத்தைந்து நாள் ரேடியேஷன் கரண்டு வைத்து முடித்ததும் ரத்தம் எடுத்தார்கள். சி.ஈ.ஏ. என்று ஒரு எண் பார்க்கிறார்கள், கட்டி கரைந்தால் அது இறங்குமாம். முதலில் பதினாலு, அப்புறம் ஒன்பது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது, ரத்தம் வேறு மாதிரி சொல்கிறதே என்று டாக்டர் குழம்பினார். கட்டி கரையவில்லை என்றால் ஆசனவாயோடு எடுத்துவிட்டு ஆயுசுக்கும் வயிற்றில் பை மாட்டவேண்டும் என்றார். புகை உண்டா என்று இரண்டு தரம் கேட்டார், இவர் சாமி சத்தியமாக இல்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பை மாட்டுறவனைக் கொல்லாம விடமாட்டேன்னு கத்திக் கதவை உதைத்தார்.

மறுநாள் குளியலறைப் பரணில், ஃபேக்டரி ஷூவுக்குள் சிகரெட் பாக்கெட்டுகள் இருந்தன. குவைத் பாக்கெட்டு. லீவில் வந்த உன் கூட்டாளி சந்துருவைப் போனில் கேட்டேன், அவன்தான் கொண்டுவந்து கொடுத்தானாம், நீ கொடுத்தனுப்பியதாம். அடுப்பில் போட்டேன். அவர் செம்பை எடுத்து வீசினார், என் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். முப்பது வருஷமாக வாங்கிய அடியெல்லாம் அன்றைக்கு என் கைக்கு வந்துவிட்டது ரமேஷ், சப்பாத்திக் கட்டையால் போட்டேன் ஒரு போடு. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பாவமென்று தோன்றவே இல்லை.

டாக்டர் என் நெற்றியையும் அவர் கையையும் பார்த்தார், தெரிந்த மராட்டியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அட கடவுளே, சிகரெட்டே அந்த எண்ணை ஏற்றிவிடும், ஒரு மாசம் விட்டுவிட்டு வாருங்கள் என்றார். அந்த ஒரு மாசமும் வீடு போர்க்களம்தான், தட்டு பறந்தது, டிவி உடைந்தது. ஆனால் ஒரு சிகரெட்கூட அவர் பிடிக்கவில்லை. நேற்று வந்தது மூன்று புள்ளி இரண்டு. ரத்தத்தை மட்டும் நம்ப மாட்டார்களாம், குழாய் விட்டும் பார்த்தார்கள். கட்டி நன்றாகக் கரைந்திருக்கிறது, ஆசனவாயை எடுக்க வேண்டாம், பை இரண்டு மூன்று மாசத்துக்குத்தானாம். அந்தக் காகிதத்தை நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, ரமேசுக்கு எழுதிடுன்னார். ஏழு வருஷத்தில் உன் பேரை அவர் வாயில் இப்போதுதான் கேட்டேன்.

பெல்ட்டால் உன் முதுகை உரித்த மனுஷனுக்குப் பேச்சுக்குப் பதிலாக நீ சிகரெட் அனுப்பினாய். அறிவு கெட்டவனே, அது விஷம் என்று தெரியாதா? உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன், லீவு கேள். நல்லா இரு சாமி, வேளைக்குச் சாப்பிடு. பெட்டியில் ஒரு பாக்கெட் இருந்தாலும் உனக்கும் கட்டைதான், வெறுங்கையோடு வா. அவர் உன்மேல் கை ஓங்கினால் நடுவில் நான் நிற்பேன். அன்றைக்கு நான் நிற்கவில்லை.

உன் அம்மா,
பவுன் சின்னதுரை