பதினோராவது ரீல்

மாப்பிள்ளை,

இன்று காலை கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையைக் கடந்தபோது, படம் ஓட்டக் கார்பன் குச்சி எரிகிற, கொட்டகையில் உன் ஆப்பரேட்டர் அறையின் வாடை அடித்தது. நீ செத்து ஒரு வருடம் ஆகிறது. நேற்று நம் கொட்டகை முதலாளியை மடக்கிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் துப்பறியும் படத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பிணம் கண் சிமிட்டும். துப்பறிகிறவர் யோசிக்க வேண்டுமென்றால் தொப்பியோடு குளத்தில் இறங்கிவிடுவார். சாட்சிக் கூண்டில் ஒரு கிளி ஏறிப் பொய் சொல்லும். கிறுக்குப் படம்தான், ஆனால் அந்தக் கிறுக்கை எடுத்தவன் லேசுப்பட்டவன் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் ஆப்பரேட்டர் அறை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து நீ சிரிப்பது, கீழே கேட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும். ஒருநாள் சொன்னாய்:

"நல்லாப் பாரு மாப்ள. மொத ரீல்லருந்து எவன் ஒண்ணுமே பேசாம நிக்கிறானோ, அவன்தான் கொலகாரன்."

அந்தப் படம் ஓடிய பொங்கலுக்கு ஒரு காட்சி கூடுதலாக ஓட்டினோம். நேரம் போதாவிட்டால் பாட்டைத் தூக்குவதுதான் கொட்டகை வழக்கம். இந்தப் படத்துக்குக் கூட்டம் வந்ததே கிளப் டான்ஸுக்காக. அதனால் முதலாளி பதினோராவது ரீலைத் தூக்கச் சொன்னார். கொலைகாரன் யாரென்று அதில்தான் வருகிறது என்று நீ கெஞ்சினாய். அவர் கேட்கவில்லை. நான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

டான்ஸ் முடிந்ததும் படம் நேராகக் கல்யாணத்துக்குத் தாவியது. நாற்காலிகள் உடைந்தன. முதலாளி மேடையேறி, ஆப்பரேட்டர் குடித்துவிட்டு ரீலை விட்டுவிட்டான் என்றார். காபிக்கு மேல் எதையும் தொடாத உன்னைச் சட்டையைக் கிழித்து வெளியே தள்ளினார்கள். கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்தாய். நான் கிழித்த டிக்கெட்டுகளைக் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எந்தக் கொட்டகையும் உன்னைச் சேர்க்கவில்லை. எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைத்தாய். உன் சாவு வீட்டுக்கு வழி கேட்டவனிடம்கூட, "அந்தக் குடிகார ஆப்பரேட்டர் வீடா? அங்குட்டுப் போங்க" என்றுதான் ஒருவன் கைகாட்டினான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், முதலாளியைச் சும்மா விடுவதில்லை என்று.

அவர் இப்போது வீட்டை விடுதியாக்கி வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிறார். நேற்று மாலை வளவு முற்றத்தில் திரை கட்டி அதே படத்தைப் போட்டார். பழைய ஆள் என்று என்னை மெஷின் பக்கத்தில் உட்காரவைத்தார். கிளப் டான்ஸ் முடிந்ததும் நிறுத்தினேன்.

"முதலாளி, அன்னைக்கு இந்த எடத்துல ரீலத் தூக்கச் சொன்னது யாரு?"

அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நினைவில்லை என்றார்.

"நீங்க என்ன சொன்னீகன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஒங்களுக்கு வர்ற வரைக்கும் படம் ஓடாது."

வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டேன். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அத்தனை பேரும் நெளிந்தார்கள். சொல்லித் தொலையுங்கள் தாத்தா என்று பேத்தியே கேட்டுவிட்டாள். அவர் கைத்தடியைப் பார்த்தபடி முனகினார்.

"நான்தான் தூக்கச் சொன்னேன். அவன் குடிக்கல."

சத்தமாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். இனித்தது மாப்பிள்ளை, சத்தியமாக இனித்தது.

பிறகு பதினோராவது ரீல் ஓடியது. எல்லாக் காட்சியிலும் காபித் தட்டோடு ஓரத்தில் நின்ற வேலைக்காரன்தான் கொலைகாரன். எத்தனையோ தடவை பார்த்த முகம். நேற்று என்னால் பார்க்க முடியவில்லை.

முதலாளியை வாய் திறக்க வைத்துவிட்டேன். மாடிப்படியில் வாயை மூடிக்கொண்டு நின்றவனை என்ன செய்வது? நீ இருந்தவரை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.