செல்லாத பெயர்

இக்னாத்,

கல்யாணப் பரிசு என்று மண்ணில் வாழும் ஒரு உண்ணிப் பூச்சிக்கு என் பெயரை வைத்தாயே, வடதுருவத்துத் தைமீர் பாசியில் சலித்தெடுத்தது, அதைப் போன மாதம் நுண்ணோக்கியில் பார்த்தேன். புது இனமே இல்லை. ஏற்கெனவே பெயருள்ள இனத்தின் வளராத குஞ்சு. என் பெயர் செல்லாது என்று நானே கட்டுரை எழுதினேன்.

"தெரியாமப் பண்ணியிருப்பார், விடுங்க. காதல் கண்ணை மறைச்சிருக்கும்," என்று சிரித்தாள், ஆய்வகத்து ராய்சா.

நானும் நம்பினேன், பூச்சியை ஒட்டிய கண்ணாடித் தகட்டின் பெயர்ச்சீட்டை உரிக்கும்வரை. அடியில் இன்னொரு சீட்டு. உன் கையெழுத்து: "வளராத குஞ்சு. புது இனமல்ல." தேதி, கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேனடா!

நீ கேட்ட விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டுரையின் பிரதியும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே உறை போதும்.

இப்படிக்கு,
பரிசு வாங்கிய ஏமாளி