பேரில்லாத பார்சல்

டிசம்பர் 23, 1997. கொட்டாஞ்சேனை, கொழும்பு.

ஆர் ஆருக்குக் குடுக்கிறதெண்டு நத்தார்ப் பரிசுக்குச் சீட்டு எடுக்கேக்க எனக்கு என்ர பேரே வந்தது. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லாமல், தோய்ச்சு மடிச்சு வைச்சிருந்த என்ர நல்ல சேட்டையே பார்சல் கட்டிப் பேர் எழுதாமல் வைச்சிட்டன்.

ஆளுக்கு ஒரு பரிசு, வீட்டில இருக்கிற சாமான்தான் எண்டு சட்டம் போட்டவ மச்சாள் ரீட்டா.

"பார்லிமெண்டுக்குப் போகவேண்டிய ஆள்," எண்டன்.

"அத்தான், வாயைப் பொத்துங்கோ!"

கெட்டிக்காரி. யாழ்ப்பாணத்திலயிருந்து வெறுங்கையோட வந்த என்ர தங்கச்சியும் அதாலதான் கூச்சமில்லாமல் சேர்ந்தவள்.

பரிசு குடுக்கிற நேரம் பாத்து, வவுனியாவில ஆமியிட்டக் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைச்சுத் தங்கச்சியின்ர புருஷன் வந்து நிண்டார். அவருக்குப் பரிசில்லை. தங்கச்சியின்ர முகம் செத்துப்போச்சு. ரீட்டா கண்ணிமைக்கேல்லை. பேரில்லாத பார்சலைத் தூக்கினா.

"இந்தாங்கோ அண்ணை, உங்களுக்கெண்டு எடுத்து வைச்சது."

தங்கச்சி சிரிச்சாள்.

சேட் அவருக்கு அளவு. கழுத்துப் பொத்தானை நான்தான் பூட்டிவிட்டன். நாளை இரவு யேசு பிறப்புப் பூசைக்குப் போட என்னட்ட வேற சேட் இல்லை.