தோற்பதற்கு எத்தனை வார்த்தைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலமா என்று போனில் கேட்டால் பதில் வருவதில்லை. அதனால்தான் தபால்தலை ஒட்டிக் கேட்கிறேன்.

போன வாரம் பேசியபோது, "இங்கிலீஷ் பரீட்சை ரெண்டாவது தடவையும் ஊத்திக்கிச்சு" என்று ஒரே வரி சொன்னீர்கள். எந்தத் தாளில், எவ்வளவில் போயிற்று என்று நான் கேட்பதற்குள் போன் பாப்பா கைக்குப் போய்விட்டது. அவள் வகுப்பில் யார் யாருக்குப் பல் விழுந்தது என்ற சேதியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அப்பா குளிக்கிறாங்கம்மா" என்றாள். இந்த ஞாயிறும் குளிக்கிறீர்களாம். இவ்வளவு சுத்தமான லிஃப்ட் மெக்கானிக்கை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

கோபத்தில் எழுதவில்லை. இந்தப் பரீட்சை தேறினால்தான் இந்த நாட்டில் நீங்கள் லிஃப்டில் கை வைக்க உரிமம் கிடைக்கும் என்பதும், அது உங்களை எவ்வளவு அரிக்கிறது என்பதும் எனக்குத் தெரியாதா?

எங்கள் எலும்பு வார்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். இடுப்பு முறிந்து, மறுபடி நடக்கப் பழகுகிறார். கட்டிலிலிருந்து நாற்காலிவரை போக வேண்டும். முதல் நாள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். பயிற்சி கொடுக்கும் பெண் அதை 'ஃபெயில்' என்று சொல்லவில்லை, 'ஃபெல் ஷார்ட்' என்றாள். எட்டவில்லை, கொஞ்சம் பாக்கி. நடுவில் காய்ச்சல் வந்து பயிற்சி நின்றுபோனது. அது 'செட்பேக்', பின்னடைவு. நேற்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, ஒருவழியாக நாற்காலியில் போய் விழுந்தார். 'ஸ்க்ரேப்ட் த்ரூ' என்று எல்லோரும் கை தட்டினார்கள். உரசிக்கொண்டாவது தேறிவிடுவது. இப்படித் தோற்பதற்கே இவர்களிடம் எத்தனை வார்த்தைகள்! நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் 'ஊத்திக்கிச்சு' என்ற ஒரே மூடியைப் போட்டு மூடிவிடுகிறீர்கள்.

எதில் எட்டவில்லை என்று எழுதுங்கள். கீழ்வீட்டில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு நகம் வெட்டுங்கள், போனிலேயே தெரிகிறது.

உங்கள்
நர்சம்மா


பிப்ரவரி 24

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

கடிதம் வந்தது. அக்கா கீழேயிருந்து எடுத்துக்கொண்டு வந்து, "பொண்டாட்டி லெட்டர் போடற அளவுக்கு என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று கேட்டாள். நகம் வெட்டியாயிற்று.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். காதால் கேட்பதும் வாசிப்பதும் தேறிவிட்டன. எழுத்து எட்டவில்லை. பேச்சு மண்ணைக் கவ்வியது. அதற்கு உன் ஆட்கள் நாசூக்காக என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.

பேச்சுத் தேர்வில் எதிரே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். 'தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டது' என்று அட்டையில் தலைப்பு. டியூஷன் மாஸ்டர் இதற்கென்றே ஒரு பாடம் கொடுத்திருந்தார். விடாமுயற்சி, வெற்றிப்படி என்று வாயில் நுழையாத வார்த்தையாகப் பொறுக்கிப்போட்ட பாடம். கடகடவென்று ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. முதல் வாக்கியத்தையே மறுபடி சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்லுங்கள் என்றார். சொந்த வாழ்க்கையா? அது பாடத்திலேயே இல்லையே! மிச்ச நேரம் முழுக்க அந்த அறையின் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கென்ன, எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவள். முதல் தடவையிலேயே 'ஃப்ளையிங் கலர்ஸ்' என்று கொடி பறக்கப் போய்விட்டாய். நான் பதினேழு வயதில் ஸ்பேனர் பிடித்தவன். வீட்டுக்கு வந்தால் பாப்பா கேட்கிறாள்: "அப்பா, நீங்க ஃபெயிலா? அப்ப அதே பெஞ்சுல இன்னொரு வருஷம் உக்காரணுமா?"

இத்தோடு விட்டுவிடுகிறேன். நீ உன் ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டு வா. நாங்கள் எங்கே போகப்போகிறோம்.

இப்படிக்கு,
அதே பெஞ்சில் இருப்பவன்


மார்ச் 11

அன்புள்ளவருக்கு,

கொடி பறக்க வந்தவளின் கதையைக் கேளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு நோயாளி அம்மாள், தான் 'அண்டர் தி வெதர்' என்று சொன்னார். நான் உடனே ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி, இன்னொரு போர்வையும் கொண்டுவந்து போர்த்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். வார்டே சிரித்தது. படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறைக்குள் போய் அழுதேன். பரீட்சை இங்கிலீஷ் வேறு, வார்டு இங்கிலீஷ் வேறு. இங்கே இதை 'ஸ்டீப் லேர்னிங் கர்வ்' என்பார்கள். செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்காமல் யாரும் ஏறியதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரியில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் நீங்களும் பாப்பாவும் உடனே வரலாம். உங்கள் பரீட்சையை இங்கே வந்தும் எழுதலாம், அதுவரை லிஃப்ட் வேலைக்குப் போக முடியாது, அவ்வளவுதான். போன வருஷம் இப்படி ஒரு பேச்சு வந்தபோது, "பொண்டாட்டி சம்பளத்துல சோபாவில உக்கார நான் வரமாட்டேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னீர்கள். இன்னும் அதேதானா?

போனில் பாப்பாவை நான் தோளுக்கு மேலேதான் பார்க்கிறேன். எவ்வளவு உயரம் வந்துவிட்டாள் என்று தெரியவில்லை. போனிலேயே குடும்பம் நடத்த இனி என்னால் முடியாது. நீங்கள் வரமாட்டீர்கள் என்றால், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் வந்துவிடுகிறேன். பட்டென்று ஒரு பதில் எழுதுங்கள்.

உங்கள்
நர்சம்மா


மார்ச் 25

உனக்கு,

பட்டென்றுதானே கேட்டாய். வராதே.

நீ அந்த வேலையை விட்டுவிட்டு வந்தால், நாளைக்கு நம் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட 'உங்களாலதான்' என்று வரும். நீ சொல்ல மாட்டாய். ஆனால் எனக்குக் கேட்கும். கையெழுத்துப் போடு. என்னைக் காரணம் காட்டி எதையும் செய்யாதே, எதையும் விடாதே.

வார்த்தைப் பாடமும் இனி வேண்டாம். எனக்கு அது வராது என்று இரண்டு தடவை சர்டிபிகேட்டே கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு.


ஏப்ரல் 6

அன்புள்ளவருக்கு,

நான் பாடம் நடத்தவில்லை. உங்களோடு பேச எனக்கு வேறு சாக்கு அகப்படவில்லை.

இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன்.

நர்சம்மா


ஏப்ரல் 19

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

போன கடிதத்தை எழுதிய கையை அக்கா பார்த்திருந்தால் ஒடித்திருப்பாள். அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், போன் வருகிறது. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆள். டப்பாவை மூடிவிட்டு நானும் என் கூட்டாளியும் ஓடினோம். அவர் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்க வேண்டும். நான் கதவருகே நின்று உள்ளே இருப்பவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். வழக்கமாக ஒரு டீ ஆறுவதற்குள் ஆளை வெளியே எடுத்துவிடுவோம். அன்றைக்கென்று பிரேக் இறுகிக்கொண்டது.

உள்ளே கதவை அறைகிறார்கள். "பயப்படாதீங்கம்மா, நாங்க வந்துட்டோம்" என்றேன். பதிலுக்கு இங்கிலீஷ் வருகிறது. வெளிநாட்டு அம்மாள், நம் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாது. நான் கட்டடத்துக் காவலாளியைப் பார்த்தேன், என் பரீட்சைக் கதை தெரிந்த அவர் என்னைப் பார்த்தார். "நீதானப்பா பரீட்சை எழுதறவன்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

'டோன்ட் வொர்ரி, மேடம்' என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நிறுத்தினால் உள்ளே மூச்சு இரைப்பது வெளியே கேட்கிறது. 'கீப் டாக்கிங், ப்ளீஸ்' என்று அழுகிற குரல். பயந்தவர்களிடம் பேச்சை நிறுத்தக் கூடாது என்று நீ சொல்வாயே. சரி, பேசலாம், எதைப் பேச? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தோற்பதைப் பற்றியதுதானே!

'மேடம், ஐ ஃபெயில்ட் மை இங்கிலீஷ் டெஸ்ட்' என்றேன்.

உள்ளே கதவை அறைவது நின்றது. 'வாட்?'

'ட்வைஸ்' என்றேன்.

ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். காதை வைத்துக் கேட்டால், சிரிப்பு.

பிறகென்ன, பிடித்துக்கொண்டேன். எழுத்தில் 'ஃபெல் ஷார்ட்', பேச்சில் பெரிய 'செட்பேக்', மின்விசிறியைப் பார்த்தது, பாப்பாவின் பெஞ்சு, எல்லாம் சொன்னேன். நேற்று நடந்ததை நாளை நடக்கப்போவதுபோல் சொல்லியிருப்பேன், கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த அம்மாளுக்குப் புரிந்தது. கேள்வி கேட்டார். உன்னைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவரும் தன் கதையைச் சொன்னார். கார் ஓட்டும் பரீட்சையில் அவர் அத்தனை தடவை தோற்றதில், சோதிக்க வருகிறவருக்கு இவர் பிள்ளைகளின் பெயரெல்லாம் மனப்பாடமாம். தனக்கு 'கெட் தி ஹேங் ஆஃப் இட்' வரவேயில்லை என்றார். அப்படியென்றால் என்ன என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். கை பழகுவது, பிடிபடுவது என்று பொறுமையாக விளக்கினார். அந்த நேரம் பார்த்து என் கூட்டாளி மேலேயிருந்து, "அசையுதுடா, இன்னும் கொஞ்ச நேரம் பேச்சை இழு!" என்று கத்தினார். என்ன சொல்கிறார் என்று அம்மாள் கேட்டார். 'ஹி இஸ் கெட்டிங் தி ஹேங் ஆஃப் இட், மேடம்' என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் காவலாளியும் சிரித்துவிட்டார், அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும்.

கதவு திறந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். என் கிரீஸ் கையைப் பிடித்து எழுந்தார். முகமெல்லாம் ஈரம். 'கிவ் இட் அனதர் கோ' என்றார், இன்னொரு கை பார்த்துவிடு என்று. 'யூ ஆல்சோ, மேடம், டிரைவிங்' என்றேன். கீழே போவதற்குப் பக்கத்து லிஃப்டைக் காட்டினேன். கும்பிடு போடாத குறையாகப் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிடும்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் ஒரு வாக்கியத்தைக்கூட நான் முன்னால் யோசித்துவைத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது தடவைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். டியூஷன் மாஸ்டரின் பாடத்தை மூட்டை கட்டிவிட்டேன். நீ கையெழுத்துப் போடு. போன தடவையும் இதையேதான் சொன்னேன், இந்தத் தடவை கோபம் இல்லை. பாடத்தை நிறுத்திவிடாதே.

உன்
மெக்கானிக்


ஏப்ரல் 28

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

விரிப்பு அறையில் உட்கார்ந்துதான் படித்தேன். என் சிரிப்புச் சத்தம் கேட்டு ஹெட் நர்ஸ் எட்டிப்பார்த்தார். இங்கிலீஷில் சொன்னேன், அவரும் அங்கேயே விரிப்பு மேல் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பரீட்சைக்குப் போகும்போது பழைய சட்டையே போட்டுக்கொண்டு போங்கள். புதுச்சட்டை கழுத்தை இறுக்கினால் உங்களுக்குத் தமிழே வராது.

உங்கள்
நர்சம்மா


ஜூன் 2

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. பேச்சில் என்ன மதிப்பெண் என்று என்னைக் கேட்காதே, அக்காவைக் கேள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

எழுத்தில் போய்விட்டது. அரை மதிப்பெண். எட்டவில்லை.

அரை மணி நேரம் மாடியில் போய் நின்றேன், மறைக்க மாட்டேன். பிறகு கீழே வந்து பாப்பாவிடம் நானே சொன்னேன்: "மூணு பாடத்துல அப்பா பாஸ். எழுத்துல மட்டும் ஃபெயில்." அதற்கு அவள், "எனக்கும் எழுத்துதான்ப்பா கோணக்கோணலா வருது. டீச்சர் சின்னச் சின்னதா எழுதச் சொன்னாங்க" என்றாள். டியூஷன் மாஸ்டர்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நான் எழுதும் வாக்கியம் ஒவ்வொன்றும் ரயில்வண்டி நீளம்.

எழுத்துத் தாளை மட்டும் மறுபடி எழுதினால் போதுமாம். அதை அங்கே வந்து எழுதுகிறேன். வேலையில் சொல்லிவிட்டேன். பாப்பா பள்ளிக்கூடத்திலும் பேசியாயிற்று. நான் முழுசாகத் தேறிவிட்டுத்தான் வருவேன் என்று இருந்தால், அவள் கல்யாணத்துக்குத்தான் நீ அவளைப் பார்ப்பாய். உரிமம் வரும்வரை சமையலும் பாப்பாவின் பள்ளியும் என் பொறுப்பு. சோபாவைப் பற்றி நான் முன்பு பேசியதெல்லாம் கணக்கில் வராது. முதலில் சோபா இருக்கிறதா, அதைச் சொல்.

உன்
மெக்கானிக்


ஜூன் 14

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

சோபா இல்லை. இரண்டு நாற்காலி இருக்கிறது, அதில் ஒன்று ஆடும்.

என் ஒற்றை அறை நமக்குப் போதாது என்று வேறு வீடு பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பாப்பாவின் அறையில் காலையில் வெயில் வருகிறது. எழுத உங்களுக்கு ஜன்னலோரம் ஒரு மேஜை போட இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

வீடு நான்காம் மாடி. லிஃப்ட் உண்டு. ஆனால் எந்த மாடியிலும் தரைக்குச் சமமாக நிற்பதில்லை, ஒரு சாண் கீழேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் பழகிப்போய், காலைத் தூக்கிவைத்து வெளியே ஏறுகிறார்கள். வீட்டுக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல ஆள் கிடைக்கவில்லை, ரொம்ப நாளாக இப்படித்தான் என்றார்.

"என் வீட்டுக்காரர் வருகிறார்" என்றேன்.

உரிமம் வரும்வரை நீங்கள் அதில் விரல்கூட வைக்கக் கூடாது. தினமும் காலைத் தூக்கிவைத்து வெளியே வந்து, பேசாமல் மேஜையில் உட்கார்ந்து சின்னச் சின்ன வாக்கியமாக எழுத வேண்டும். உங்களால் முடியுமா?

வந்து சேருங்கள்.

உங்கள்
நர்சம்மா