சீலாவும் சூடையும்

ஆஸ்லின் அம்மாவுக்கு,

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க நீ ராமநாதபுரம் போயிருக்கிறாய். இதை மீன் சட்டிக்குள் வைக்கிறேன்.

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போனதும் நான்தானே சொன்னேன்: "பி.எஸ்.ஏ. நம்பர எங்கிட்டச் சொல்லாத. குறைஞ்சா சீலா மீன் வாங்கு, கூடுனா முள்ளு நெறஞ்ச சூடை வாங்கு."

இதுவரை சீலாக் குழம்புதான். ஆனால் புயல் கூண்டு ஏற்றி, ஒரு படகும் போகாத அன்றும் எங்கிருந்தோ கொள்ளை விலைக்குச் சீலா வாங்கி வந்தாயே! காலமெல்லாம் கடலில் கிடந்த என்னிடமா இந்த ஏமாற்று? அன்று உன் தட்டில் மீனே இல்லை.

"ஊசி இனிமே கேக்காது, கீமோ போடலாமான்னு முடிவு பண்ணுங்க" என்று டாக்டர் உன்னிடம் சொன்னபோது கதவு திறந்துதான் கிடந்தது.

அந்த முடிவை நீ தனியாகச் சுமக்காதே.

இன்றும் சீலாதான் கொண்டுவந்திருப்பாய். அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சூடை வாங்கு. இரண்டு தட்டு வை. உனக்கு முள்ளை நான் எடுத்துத் தருகிறேன்.

உன் வீட்டுக்காரன்