முந்திரிப்பழப் பாகு

மே 11, ஞாயிறு இரவு.

முந்திரி மரங்களை வெட்டிவிட்டு, தான் வேலை பார்க்கும் கம்பெனி ஆட்களுக்கு வாடகை ரூம் கட்டப் போகிறானாம் என் மகன். கொட்டையை விட்டால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். நான் கூடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். உதிர்ந்த பழங்களைப் பிழிந்தேன். முதல் தடவை சாறு தொண்டையைப் பிடித்தது. மருமகள் சிரித்தாள். இன்று சாற்றில் சோற்றுக் கஞ்சியை ஊற்றித் தெளியவைத்து, வடிகட்டிக் காய்ச்சினேன். தேன் நிறத்தில் பாகு வந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ராத்திரி தோசைக்கு ஊற்றினேன். மகன் தட்டை வழித்துவிட்டு, "எம்மா, ஒரு பாட்டில் குடு. கம்பெனிக்கு எடுத்துக்கினு போறேன்" என்றான்.

"மரத்த வெட்டிட்டு வந்து கேளுடா, தரேன்."

வெளியே போய், மரம் வெட்டுகிறவனிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று போனில் சொன்னான். தப்பு என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லட்டும். அதுவரை பாட்டில் அரிசிப் பானைக்குள்ளேயே இருக்கும்.